பதினோரு கிணறும் அக்காவின் வெள்ளைத் துணியும்

மாலை ஐந்து மணிக்குச் சாயப்பட்டறையின் பெரிய தொட்டியில் அடைத்திருக்கும் கட்டையை நான்தான் உருவி விடுவேன். பனங்கட்டையைச் செதுக்கிப் பழந்துணி சுற்றிய அடைப்பு அது. ஒரு திருகு திருகி இழுத்தால் முதலில் விக்கல் போல ஒரு சத்தம் வரும். பிறகு, பகலெல்லாம் நூலுக்கு நிறம் கொடுத்து ஓய்ந்த தண்ணீர் மொத்தமும் சுவரோரத் துவாரம் வழியாக வாய்க்காலில் பாயும். நூலை நீலத்தில் முக்கி எடுத்த நாளில் வாய்க்கால் நீலமாக ஓடும். சிவப்பில் முக்கி எடுத்த நாளில் அரக்கு நிறத்தில் ஓடும். எங்கள் ஊரான சாரத்துப் பிள்ளைகள் இன்றைக்கு என்ன நிறம் வரும் என்று பந்தயம் கட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பார்கள். நிறம் வந்ததும் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு என்று நினைத்துக்கொள்வேன். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு வயது இருபத்தாறு. பட்டறையில் மேஸ்திரி, என் முழங்கை வரைக்கும் நீலமும் சிவப்பும் சேர்ந்து ஊதா ஏறியிருக்கும்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை என்று எழுதினால் அது பொய். வாய்க்கால் எங்கள் தெருக் குளத்தில் போய் விழுகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். குளம் பெரியது, சாயம் கரைந்துவிடும், மிச்சத்தை மண் வடிகட்டிவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அக்கா என்னைவிடப் பதிமூன்று வயது மூத்தவள். அவளைக் கட்டியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறிப் போனார். நான்கு கடிதம் வந்தது, ஐந்தாவது வரவில்லை. அக்கா அழுதுகொண்டு உட்காராமல் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் துணிக்கிடங்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் எண்ணி வெளுக்கப் போடுவது, வெளுத்து வந்ததைச் சரிபார்ப்பது, கிழிந்ததைத் தைப்பது, ஒவ்வொன்றின் ஓரத்திலும் எந்த வார்டு என்று கறுப்பு நூலால் அடையாளம் தைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. வெள்ளை என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் அவளுக்குப் பத்து வகை தெரியும். கஞ்சி போட்ட வெள்ளை, வெயிலில் கூடுதலாகக் காய்ந்த வெள்ளை, சோப்பு சரியாக அலசாத வெள்ளை என்று தொட்டுப் பார்க்காமலே சொல்லுவாள். வேலைக்கு அவளும் வெள்ளைப் புடவைதான் கட்டிப் போக வேண்டும்.

ஒருநாள் தலைமை நர்ஸ் அவளைக் கூப்பிட்டு, "உன் புடவைக்கு நீலம் ஜாஸ்தியா போடுறியா?" என்று கேட்டாராம். அக்கா நீலமே போடுகிறவள் இல்லை. வீட்டுக்கு வந்து சோப்பை மாற்றிப் பார்த்தாள். துவைக்கும் கல்லைத் தேய்த்துக் கழுவினாள். புடவை மறுபடியும் மங்கலான ஊதா பூசிக்கொண்டுதான் காய்ந்தது. அதே வாரத்தில் எதிர்வீட்டுப் பால்கார அம்மா, மாடு குளத்துத் தண்ணீரில் வாய் வைக்காமல் திரும்பி வந்துவிடுகிறது என்றாள். குளத்தில் கெண்டை மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையோரம் ஒதுங்கின. வெயில் ஜாஸ்தி என்றார்கள் சிலர். அக்கா எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்று வாளித் தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு அது தெளிவாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்ததை எந்தப் படித்தவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட விரிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, கைக்குட்டை அளவில் பதினோரு துண்டாகக் கிழித்தாள். பட்டறை மதில் ஓரத்து வீட்டில் தொடங்கி எங்கள் தெரு தாண்டிக் கோயில் தெருக் கடைசி வரைக்கும் பதினோரு கிணறுகளைத் தேர்ந்துகொண்டாள். ஒவ்வொரு துண்டிலும் கல் கட்டிக் கயிற்றில் ஒவ்வொரு கிணற்றுக்குள் இறக்கினாள். வீட்டுக்காரர்களிடம், "பத்து நாளைக்கு இத யாரும் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அந்த வீட்டுக்கான அடையாளத்தைக் கறுப்பு நூலால் தைத்திருந்தாள். பால்கார அம்மா வீட்டுக்கு ஒரு கொம்பு. எங்கள் வீட்டுக்கு ஒரு ஊசி.

பதினோராம் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். கொல்லைக் கொடியில் அந்தத் துண்டுகள் கிணறுகள் இருந்த வரிசையிலேயே காய்ந்துகொண்டிருந்தன. மேற்கு முனையில் இருந்த பட்டறை மதிலோரத்துத் துண்டு நல்ல ஊதா. அடுத்தது கொஞ்சம் வெளிறியது, அதற்கடுத்தது இன்னும் வெளிறியது. கிழக்கே போகப் போக நிறம் தேய்ந்து, கடைசி மூன்றும் அவள் கிழித்தபோது இருந்த அதே வெள்ளை. எங்கள் வீட்டுத் துண்டு நான்காவது.

"எந்த மொனைல ஆரம்பிக்குதுன்னு பாரு" என்றாள்.

பார்த்தேன். என் கை நிறமும் அந்த முதல் துண்டின் நிறமும் ஒன்றாக இருந்தன. வெட்கம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது.

"என் சோத்துல மண்ண அள்ளிப் போடப் பாக்குறியா?" என்று கேட்டேன்.

"நீ சோறு பொங்குற தண்ணியப் பத்திதான்டா பேசறேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. துண்டுகளை வரிசை மாறாமல் மடித்துத் தூக்குப் பையில் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு சுகாதார ஆபீசருகிட்டப் போறேன். வரியா?"

வரமாட்டேன் என்றேன். ஆனால் மறுநாள் அவள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவளைத் தடுக்கப் போனேனா, துணைக்குப் போனேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அலுவலகத்து ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டேன்.

சுகாதார அதிகாரி பிரெஞ்சுப் படிப்புப் படித்த வயதான தமிழர். மேசை மேல் இரண்டு அடுக்குக் காகிதம். ஒன்று பழைய பிரெஞ்சுச் சட்டம், ஒன்று புதியது. எதன்படி நடவடிக்கை எடுப்பது என்பது அந்த வருடங்களில் எல்லா அதிகாரிகளுக்கும் இருந்த குழப்பம்தான். "மனு எழுதிக் குடும்மா, பாக்கலாம்" என்றார்.

"கொண்டாந்திருக்கேன் முசே" என்று பிரெஞ்சு மரியாதையோடு சொல்லிவிட்டு அக்கா பையிலிருந்து கயிற்றை எடுத்தாள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினாள். மறுமுனையை அலமாரிக் கைப்பிடியில் கட்டினாள். அவர் என்ன ஏதென்று கேட்பதற்குள் பதினோரு துண்டையும் மாட்டி முடித்துவிட்டாள். அவர் எழுந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஊதா முனையிலிருந்து வெள்ளை முனை வரைக்கும் நடந்தார். திரும்பி வெள்ளையிலிருந்து ஊதாவுக்கு நடந்தார்.

"கையெழுத்து வேணுமேம்மா" என்றார், கொஞ்சம் தணிந்த குரலில்.

அக்கா துண்டின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். "பதினோரு வூடு. பதினோரு பேரும் சம்மதிச்சுத்தான் கெணத்துல எறக்க வுட்டாங்க. எதுல சந்தேகமோ அந்த வூட்டுல போயி கேளுங்க."

அவர் ஒரு வீடு விடாமல் போய்க் கேட்டார். அதுவும் நடந்தே போனார். அடுத்த வாரம் பட்டறைக்கு வந்து, மழைக்காலம் தொடங்குவதற்குள் சாயத்தண்ணீர் வாய்க்காலில் விழுவது நிற்க வேண்டும், இல்லையென்றால் பட்டறையைப் பூட்ட வேண்டும் என்று முதலாளியிடம் தாளைக் கொடுத்தார்.

முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். எங்களை எல்லாம் முற்றத்தில் கூட்டி, "பட்டறைய மூடுற மாதிரிதான் இருக்குது. காரணம் யாருன்னு உங்க மேஸ்திரியையே கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு யாரும் என்னோடு சேர்ந்து சாப்பிடவில்லை. தெருவில் பட்டறைக்காரர்களின் மனைவிமார் அக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் அதையெல்லாம் பொருட்படுத்தாததுபோல் நடந்தாள். ஆனால் இரண்டு வேளையாக அவள் தட்டில் சோறு அப்படியே மிஞ்சியிருந்ததை நான் பார்த்தேன். அந்தத் தட்டுதான் என் வாயைத் திறக்க வைத்தது.

"அக்கா, தொட்டியில சாயம் கெட்டுப்போனா நாங்க சுண்ணாம்பும் படிகாரமும் கலந்து விடுவோம். ரெண்டு நாள்ல சாயம் அடியில எறங்கிடும். மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும். கழிவுத் தண்ணியையும் அப்படித் தேக்கி வெச்சா என்ன?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப இத்தினி நாளும் தெரிஞ்சேதான் தொறந்து வுட்டியா?"

யாரும் கேட்கவில்லை என்பது ஒரு பதிலா? என் வாழ்க்கையில் பலர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அவ்வளவு மெதுவாகக் கேட்ட அந்த ஒரு கேள்வி அளவுக்கு எதுவும் என்னைத் தைத்ததில்லை.

மறுநாள் முதலாளியிடம் போனேன். பட்டறைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தில் மூன்று குழி, மூன்றுக்கும் செங்கல் கட்டிச் சுண்ணாம்புப் பூச்சு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தெளிந்த தண்ணீர் மட்டும் வழிகிற மாதிரி. கடைசியில் ஒரு மணல் படுகை. அதைத் தாண்டிய தண்ணீரும் வாய்க்காலுக்குப் போகாமல் முதலாளியின் சவுக்குத் தோப்புக்கே பாய வேண்டும். தரையில் கரிக்கட்டியால் வரைந்து காட்டினேன். முதலாளி, "ஆளு கூலி?" என்றார். "நாங்களே வெட்டுறோம்" என்றேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று தெரியாமல்தான் சொன்னேன். முதல் ஆளாக மண்வெட்டியைக் கையில் எடுத்தவர், என்னோடு சாப்பிட மறுத்தவர்களில் ஒருவர். அவர் வீட்டுக் கிணறு இரண்டாவது துண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டினோம். மூன்றாவது ஞாயிறு பட்டறைக்காரர்களின் வீட்டுப் பெண்களும் கூடை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அக்காவோடு பேசாதவர்களும் அக்காவுக்குக் கூடையைக் கை மாற்றினார்கள். கைமாற்றும்போது எப்படிப் பேசாமல் இருக்க முடியும்? முதல் தடவை தோற்றோம். சுண்ணாம்பு போதாமல் தண்ணீர் ரோஜா நிறத்திலேயே வழிந்தது. இரண்டாம் தடவை அளவைக் கூட்டினேன். குழியில் ஒருநாள் அதிகமாக நிறுத்தினேன். மூன்றாம் குழியில் என் முகம் தெரிந்தது. முதல் மழைக்கு எட்டு நாள் முன்னால், தொட்டித் தண்ணீருக்குக் குழிப் பக்கமாகப் புது வழி திறந்துவிட்டு, பனங்கட்டையைக் கடைசியாக ஒருமுறை இறுக்கி அடித்து, சுவரோரத் துவாரத்தைச் செங்கல் வைத்து நானே பூசினேன்.

கோடையில் குளம் வற்றியபோது ஊரே இறங்கித் தூர் வாரியது. அடியில் நிறம் நிறமாக ஒரு முழ ஆழத்துக்குச் சேறு. அதில் என் எத்தனை மாலை நேரங்கள் கிடக்கின்றன என்று நினைத்துக்கொண்டே அள்ளினேன். வாய்க்கால் குளத்தில் சேருமிடத்தில் முளைத்திருந்த கோரையை யாரும் பிடுங்கக் கூடாது என்றாள் பால்கார அம்மா. வருகிற தண்ணீரைக் கோரை நிறுத்தி அனுப்பும் என்றாள். அவள் சொன்னபடியே விட்டோம்.

மண் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தை மாதமும் அக்கா பதினோரு புதிய துண்டுகளைக் கிணறுகளில் இறக்கினாள். முதல் வருடம் பழையபடி எட்டிலும் நிறம் இருந்தது. "பாத்தியா, ஒண்ணும் மாறல" என்று சிலர் சொன்னார்கள். அடுத்த வருடம் ஐந்து. அதற்கடுத்த வருடம் இரண்டு. அறுபதாம் வருடம் சுகாதார அதிகாரி ஓய்வு பெறப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள எங்கள் வீட்டுக்கே வந்தார். கொல்லைக் கொடியில் பதினோரு துண்டும் ஒரே வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தன. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "பட்டறை எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். அக்கா சிரித்தாள். அந்த மனிதரும் சிரித்தார். பட்டறை அன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது பேரும் வேலையில் இருந்தார்கள்.

இன்றைக்குச் சாரத்தில் அந்தக் கிணறுகளில் பாதிக்கு மேல் தூர்ந்துவிட்டன. எல்லா வீட்டிலும் கேன் தண்ணீர் இறங்குகிறது. பட்டறை இருந்த இடத்தில் அடுக்கு வீடுகள் இருக்கின்றன. ஆனால் குளம் இருக்கிறது. காலையில் அதைச் சுற்றி நடக்கிறவர்கள், இவ்வளவு நெருக்கடியான ஊரில் இந்தக் குளம் எப்படித் தப்பியது என்று ஆச்சரியப்படுகிறார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்கிறேன். தானாகத் தப்பவில்லை, துணி காயப்போடத் தெரிந்த ஒருத்தி ஒரு தெருவையே தன் பக்கம் இழுத்தாள், அதனால் தப்பியது.

அந்த அறுபதாம் வருடத்தில், அதிகாரி வந்து போன மறுநாள், விடுமுறை. குளம் தளும்ப நின்றது. பெண்கள் படியில் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா துவைத்து முடித்த துணிகளைப் பிழிந்து வைத்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். முழங்கால் அளவில் நிற்பாள் என்று பார்த்தால் நிற்கவில்லை. கை வீசி நீந்தத் தொடங்கினாள். நாற்பத்து மூன்று வயதுப் பெண் ஊர் பார்க்க நீந்துவதை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை. அவளுக்கு நீந்தத் தெரியும் என்று எனக்கே தெரியாது. துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கல்லிலேயே கையை வைத்தபடி பார்த்தார்கள். அக்கா எதிர்க்கரையைத் தொட்டாள், மூச்சு வாங்கினாள், திரும்பி என்னைப் பார்த்தாள்.

"தண்ணி நல்லா இருக்குதுடா, எறங்கு" என்றாள்.

சட்டையைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு நானும் இறங்கினேன்.