மதினியின் சிவப்புக் கட்டை

என் மேசைமேல் ஒரு மரக்கட்டை இருக்கிறது. நான்கு பக்கமும் சிவப்புப் பெயின்ட் அடித்து, ஓரங்களில் தேய்ந்து, உள்ளே இருக்கும் தேக்கு லேசாக எட்டிப் பார்க்கும். ஒரு முகத்தில் மட்டும், நடுவில், நேராக ஒரு வெட்டு. அஞ்சல்பெட்டியின் வாய் மாதிரி இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், மாடர்ன் ஆர்ட்டா?" என்பார்கள். நான் ஓவிய ஆசிரியன் என்பதால் வருகிற வினை. ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். மாலையில் போனில் முகம் பார்த்துப் பேசும்போது இந்தக் கட்டைமேல்தான் போனைச் சாய்த்து வைப்பேன். எதிர்முனையில் இருப்பவர் பெரும்பாலும் என் மதினி. கட்டைக்குச் சொந்தக்காரரும் அவர்தான்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. எலும்பு முறிவு வார்டில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டில் கீழே அவர்கள், மேலே நாங்கள், பக்கவாட்டில் கார் வாங்கினால் நிறுத்தலாம் என்று அண்ணன் போட்ட ஒரு ஷெட். கார் வரவேயில்லை. அந்த இடத்துக்கு, மேசை நடுவில் வட்ட ரம்பம் சுழல்கிற என் மேசை ரம்பம் வந்து சேர்ந்தது. ஆரப்பாளையம் பக்கம் கடையைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடம் பழைய மெஷினாக வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் நேர்மையான பதில் இல்லை. விடுமுறையில் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் மரத்தை வெண்ணெய் மாதிரி வெட்டிக்கொண்டிருந்தார். நமக்கும் இரண்டு கை இருக்கிறதே என்று தோன்றியது. அந்த இரண்டு கையையும் கடைசிவரை வைத்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம் என்பது அப்போது தெரியாது.

எனக்கு ஒரு கர்வம் உண்டு. கரும்பலகையில் அடிக்கோல் இல்லாமல் நேர்கோடு போடுவேன். வகுப்பே வாய் பிளக்கும். அந்தக் கைக்கு மரத்தை ரம்பத்துக்கு நேராகத் தள்ளத் தெரியாதா என்று, வெறுங்கையால் பலகையைப் பிடித்துக் குறுக்காக வெட்டினேன். பலகை ஒரு மயிரிழை திரும்பியது. அவ்வளவுதான், வெட்டுப்பட்ட துண்டு என் விலாவைத் தடவிக்கொண்டு பறந்துபோய், அடிகுழாயடியில் மதினி துலக்கிக் கவிழ்த்திருந்த பித்தளைக் குடத்தில் 'ணங்' என்று மோதியது. கோயில் மணி தோற்றது.

மதினி வெளியே வந்தார். குடத்தைப் பார்த்தார், நெளிசலைத் தடவினார், பிறகு என் கைகளைப் பார்த்தார்.

"விரிங்க."

"என்ன மதினி?"

"கைய விரிங்க கொழுந்தனாரே. பத்தும் இருக்கா?"

இருந்தது. அவர் ஷெட்டுக்குள் போய், மெஷினுக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார். பின்னாலேயே ஓடினேன். தெருமுனையில் ஆட்டோவில் ஏறியபடி சொன்னார்: "குடத்த ஒடுக்கு எடுத்துரலாம். விரலுக்கு ஒடுக்கு எடுக்குற ஆளு எங்க வார்டுல இல்ல. கை ரம்பத்துக்கிட்ட போகாம வெட்ட வழி இருந்தா சொல்லுங்க, ஃபியூஸத் தாரேன்."

அப்படித்தான் நான் தள்ளுப்பலகை செய்யத் தொடங்கினேன். வீடியோக்காரர்கள் அதை 'கிராஸ்கட் ஸ்லெட்' என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதன் பெயர் தள்ளுப்பலகைதான். விஷயம் எளிது. ரம்ப மேசையில் இரண்டு நீளப் பள்ளங்கள் இருக்கும். ஒரு ஒட்டுப்பலகையின் அடியில் அந்தப் பள்ளங்களுக்குள் வழுக்கி ஓடுகிற மாதிரி இரண்டு மரச்சட்டம் பொருத்த வேண்டும். பலகையின் முன்னும் பின்னும் ஒவ்வோர் உயரமான தடுப்பு. வெட்ட வேண்டிய மரத்தை நம் பக்கத்துத் தடுப்பில் சேர்த்து வைத்து, மொத்தப் பலகையையும் தொட்டில் மாதிரி தள்ளினால் மரம் திரும்பாது, துள்ளாது. கை ரம்பத்துக்கு எட்டத்தில் இருக்கும். சொல்லும்போது எளிது. ஃபியூஸ் மதினியின் கைப்பையில் இருந்ததால் எல்லாவற்றையும் கைவாளால் அறுக்க வேண்டியிருந்தது. தெருவில் போகிறவர்கள், பக்கத்திலேயே இம்புட்டுப் பெரிய மெஷினை வைத்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க அறுக்கிற மனுஷனை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

தடுப்பு ரம்பத்துக்குச் சரியான செங்கோணத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகப் பள்ளியிலிருந்து என் பெரிய மரமூலைமட்டத்தைக் கொண்டுவந்தேன். எத்தனை வருடம் அதை வைத்துப் பாடம் நடத்தியிருப்பேன்! அதன்படி தடுப்பை முடுக்கினேன். அன்று மட்டும் ஃபியூஸ் வெள்ளோட்டத்துக்கு வந்தது, மதினியோடு சேர்ந்து. ஒரு பலகையை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை மட்டும் கவிழ்த்துப் போட்டு மற்றதோடு முட்டவைத்துப் பார்க்க வேண்டும். மட்டம் சரியென்றால் இடுக்கு தெரியக் கூடாது. தெரிந்தது. உள்ளே ஒரு எறும்பு குடும்பத்தோடு போகலாம். மூலைமட்டம் எந்தக் காலத்திலோ பையன்கள் கீழே போட்டதில் கோணிவிட்டிருக்கிறது. நான் இத்தனை காலம் மாணவர்களுக்குக் கற்பித்த செங்கோணம் செங்கோணமே இல்லை. மதினி அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "அதான் நீங்க படிச்சுக்குடுத்த பிள்ளைக கட்டுன வீடெல்லாம் இப்படி இருக்கா?" பிறகு தடுப்பின் ஒரு முனைத் திருகைத் தளர்த்தி, கொஞ்சம் நகர்த்தி, வெட்டி, கவிழ்த்துப் பார்த்து, மறுபடி நகர்த்தி, இருட்டும் நேரத்துக்கு இடுக்கு மறைந்தது.

வெள்ளோட்டம் முடிந்ததும் மதினி ஃபியூஸைக் கழற்றிக்கொண்டார். கையை நீட்டினேன். மதினி தரவில்லை. பலகையைக் கையால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். ரம்பத்தின் பல் தடுப்பைத் துளைத்துக்கொண்டு நம் பக்கம் தலைகாட்டுகிற இடத்தில் நின்று, "இங்கன யாரு கை இருக்கும்?" என்றார்.

என் கைதான் இருக்கும். கட்டைவிரல் சரியாக அந்த இடத்தில். வீடியோவில் எல்லோரும் அங்கே ஒரு கனமான கட்டை வைத்திருந்தார்கள். ரம்பம் வெளியே வந்தாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். நான் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டிருந்தேன். மதினி உள்ளே போய், ஒரு கட்டில் காலோடு வந்தார். அவருடைய கல்யாணக் கட்டில், கால் உடைந்து பரணில் கிடந்தது. "இத வையுங்க. ரெண்டு ஓரத்துலயும் திருகு போடுங்க, நடுவுல போடாதீக, ரம்பம் திருகுல பட்டா அதுக்கொரு ஆஸ்பத்திரி தேடணும்." அண்ணன் மட்டும் வாசலில் நின்று, "கல்யாணக் கட்டில்டி" என்று முனகினார். "கட்டிலு போனா பாயில படுத்துக்கலாம்" என்று அந்த விவாதம் முடிந்தது. கட்டைக்குச் சிவப்பு அடித்ததும் மதினிதான். சிவப்பு இருக்கிற இடத்துக்குக் கை வரக் கூடாது, ரம்பம் நிற்கும்வரை வெட்டின துண்டைப் பொறுக்கக் கூடாது, பலகை இறுகினால் தள்ளக் கூடாது, நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இவை மதினியின் சட்டங்கள். இவற்றுக்கெல்லாம் தலையாட்டிய பிறகுதான் ஃபியூஸ் என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து தினம் மாலை நான் ஷெட்டிலிருந்து வந்ததும் ஒரே கேள்வி: "பத்தும் இருக்கா?" நான் ஒரு நாள் ஒரு விரலை மடக்கிக் காட்டினேன். கரண்டி பறந்து வந்தது. அதற்குப் பிறகு மடக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அந்த நாளில் சந்தனம் குங்குமத்திலிருந்து தப்பிக்க எதனாலும் முடியாது. வண்டி, மிக்சி, கேஸ் அடுப்பு, மதினியின் ரத்த அழுத்தக் கருவி, என் கோணல் மூலைமட்டம்கூட மரியாதையாகப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ரம்பத்துக்கு மதினி தன் கையாலேயே பூசினார். மேலே பூசினால் நான் மரத்தூளைத் துடைக்கும்போது அதையும் துடைத்துவிடுவேன் என்று, துடைக்க முடியாத இடமாகப் பார்த்துப் பூசினார். மறுநாள் விஜயதசமி. தொட்டது துலங்கும் என்று, அண்ணன் கேட்ட செருப்பு அலமாரிக்கு முதல் பலகையை வைத்துத் தள்ளினேன். பாதியில் பலகை இறுகியது.

சட்டம் தெரியும். நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் நல்ல நாளில் முதல் வெட்டைப் பாதியில் நிறுத்துவதா என்று மனதுக்குள் ஒரு பெரிய மனுஷன் பேசினான். உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு, சிவப்புக் கட்டையின் முதுகில் கட்டைவிரலை ஊன்றித் தள்ளினேன். பிடித்திருந்தது பட்டென்று விட்டது. பலகை என்னையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தது. மரம் தாண்டி, தடுப்பைத் தாண்டி, ரம்பம் வேறொரு குரலில் கத்தியது. தேக்கு கருகும் வாசனை. சுவிட்சை முழங்காலால் அடித்து அணைத்தேன். கட்டைக்குள் ரம்பம் பாதிவரை புகுந்து நின்றிருந்தது. மீதிப் பாதிக்கு இந்தப் பக்கம் என் கட்டைவிரல்.

சத்தம் கேட்டு மதினி ஓடிவந்தார். அவர் கேட்காமலே பத்தையும் விரித்தேன். அவர் எண்ணினார். பிறகு, ஏன் இறுகியது என்று பலகையைத் தூக்கி, கொண்டை ஊசியால் பள்ளத்தைச் சுரண்டினார். மஞ்சளாகப் பொடி பொடியாக வந்தது. காய்ந்த சந்தனம்.

மதினி அங்கேயே பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பாத்தீகளா மதினி, சாமி காணிக்கை கேட்டுருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"வார்டுல எத்தன பேரு கையப் பொத்திக்கிட்டு வந்தாய்ங்க. எப்படி ஆச்சு, எப்படி ஆச்சுன்னு கேட்டு எழுதியிருக்கேன். கூட வந்த பொம்பளைக மூஞ்சிய ஒரு நாளும் நிமிந்து பாத்ததில்ல."

அத்தோடு எழுந்து போய்விட்டார். அன்று மாலை நான் ஷெட்டிலிருந்து வந்தபோது கேள்வி இல்லை. மறுநாளும் இல்லை. சமையலறையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. ஃபியூஸ் என் கையிலேயே இருந்தது, கேட்பாரில்லை. எனக்கு வேண்டிய சுதந்திரம் அதுதானே என்று நீங்கள் கேட்கலாம். விரல்கள் இருக்கின்றனவா என்று கேட்க ஆளில்லாத வீட்டில் விரல்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கே ஒரு சலிப்பு. கட்டை காப்பாற்றியது விரலைத்தான். மதினியை எது காப்பாற்றும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளங்களைச் சுத்தமாகத் துடைத்து, மெழுகுவர்த்தி தேய்த்து, பலகை இனிமேல் ஒரு அளவுக்குமேல் போகாதபடி மேசையின் கடைசியில் ஒரு முட்டுக்கட்டையும் பொருத்தினேன். பிறகு உள்ளே போய் ஃபியூஸை அவர் கையில் வைத்தேன். கேலிக்கு ஒரு வாக்கியம் தயாராக இருந்தது, விழுங்கிக்கொண்டேன்.

"வாங்க மதினி. ஒரு வெட்டு நீங்க வெட்டுங்க."

"நானா? அந்தச் சனியனத் தொட மாட்டேன்."

"கட்டையக் குடுத்தவுக நீங்க. அது வேலை செய்யுதான்னு நீங்கதான் பாக்கணும்."

வந்தார். சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகினார், வளையல்களைக் கழற்றி ஜன்னலில் வைத்தார், கண்ணாடி போட்டார். ரம்பத்தை மரத்துக்குக் கொஞ்சமே மேலே தெரிகிற மாதிரி இறக்கச் சொன்னார். இரண்டு கையும் சிவப்புக்கு எட்டத்தில், தடுப்பின் இரண்டு ஓரத்தில். ஊசி போடுகிறவரின் நிதானம் அந்தக் கைகளில் இருந்தது. பலகை வழுக்கிப் போனது, மரம் இரண்டானது, முட்டுக்கட்டையில் 'டொக்' என்று நின்றது. நிறுத்தினார். ரம்பம் ஓயும்வரை அசையவில்லை. பிறகு தன் கைகளைத் தானே விரித்துப் பார்த்துக்கொண்டு, "பத்தும் இருக்கு" என்றார். அப்புறம், "அலமாரிக்கு இன்னும் எம்புட்டு வெட்டணும்?" என்று கேட்டார். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அந்தச் செருப்பு அலமாரியில் கோணலாக இருப்பது நான் வெட்டின ஒரே தட்டுதான்.

இப்போது அண்ணனும் மதினியும் மகளோடு ஓசூரில் இருக்கிறார்கள். ஷெட் எனக்கு மட்டும். பழைய தள்ளுப்பலகை மழையில் உப்பிப்போய், புதிது செய்துவிட்டேன். சிவப்புக் கட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டேன். போன வாரம் மதினி போனில் ஒரு சேதி சொன்னார். அங்கே சின்னதாக ஒரு மேசை ரம்பம் வாங்கியிருக்கிறாராம். உடனே அண்ணன் மகளைக் கூப்பிட்டு, தள்ளுப்பலகை தயாராகும்வரை ஃபியூஸைப் பிடுங்கி ஒளித்து வை என்றேன். மதினி போனைப் பிடுங்கினார். "பழிக்குப் பழியா கொழுந்தனாரே?"

தள்ளுப்பலகையை அவரே கைவாளால் அறுத்துச் செய்துவிட்டார். கட்டை மட்டும் வேண்டுமாம். புதிதாக வெட்டி அனுப்புகிறேன் என்றேன். "புதுசுக்கு என்ன தெரியும்? ரம்பத்தப் பாத்த கட்டைதான் வேணும்" என்றார். நாளை மாட்டுத்தாவணியில் பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டும். வெட்டு விழாத முகம் ரம்பத்தைப் பார்க்க வேண்டும் என்று பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு, பார்சலும் கட்டிவைத்திருக்கிறேன். அம்புக்குறியையாவது நேராகப் போட்டேன் என்று நினைக்கிறேன்.

சற்று முன் போன் அடித்தது. எடுத்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம். அவர் முந்திக்கொண்டு மரத்தூள் ஒட்டின இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். நான் ஒரு கையைக் காட்டினேன்.

"அஞ்சுதான தெரியுது?"

"மத்த அஞ்சும் போனப் பிடிச்சிருக்கு மதினி."

"அதெல்லாம் செல்லாது. வச்சுட்டுக் காட்டுங்க."

பார்சலைப் பிரித்துக் கட்டையை வெளியே எடுத்தேன். போனை அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்தேன். மதினி அவசரப்படாமல் எண்ணினார்.