மேட், மாத்தே

ரொட்டிக் கடைக்காரன், "எப்படி இருக்கே, மேட்?" என்பான். "நல்லா இருக்கேன், ஆங்கஸ்" என்பார் லொப்பெட்டி. பெட்ரோல் பங்கில், "வெயில் கொளுத்துது, மேட்!" "ஆமா, வெய்ன்." ஆஸ்திரேலியாவின் ராபின்வேலில் நண்பனும் மேட், முன்பின் தெரியாதவனும் மேட். லொப்பெட்டி மட்டும் அந்தச் சொல்லை வாயில் வைப்பதில்லை. அதைத் தவிர்ப்பதற்காகவே பாதி ஊரின் பெயர்களை மனப்பாடம் செய்திருக்கிறார். புது ஆள் எதிர்ப்பட்டால் முதலில் பெயரைக் கேட்பார். "எலெக்ஷன்ல நிக்கப் போறாரா?" என்று விசாரித்தவர்கள் உண்டு.

டோங்கா தீவிலிருந்து திராட்சை பறிக்க வந்த முதல் நாள், டிராக்டர் ஓட்டும் டெஸ் அவருடைய வாளியில் சாக்பீஸால் "mate" என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தான். அந்த எழுத்துகளை லொப்பெட்டி தன் மொழியில் 'மாத்தே' என்று வாசித்தார். மாத்தே என்றால் செத்தது. அடுப்பு அணைந்தாலும் அதுதான், மனிதன் அணைந்தாலும் அதுதான். வாளியைப் போட்டுவிட்டு ஓட்டமெடுத்தவரை, கொடிகளுக்கு நடுவே மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த நிலையில் டெஸ்தான் கண்டுபிடித்தான். சிநேகம் அப்படித் தொடங்கியது. பின்னொரு பருவத்தில் பழம் பறிக்க வந்த அர்ஜென்டினாப் பெண், தன் ஊர் இலைக் கஷாயத்தை நீட்டி, "மாத்தே குடிக்கிறீங்களா?" என்றாள். "வேண்டாம்மா, நேரம் வந்தா நானே குடிச்சுக்கறேன்" என்றார்.

"முப்பது வருஷமா மேட் மேட்னு கூப்பிடறேன். ஒரு தடவை திருப்பிச் சொல்லேன்டா, கஞ்சப்பயலே!" என்பான் டெஸ்.

"குத்துக்கல்லாட்டம் இருக்கிறவனை நான் ஏன்டா சாகடிக்கணும்?"

சிரிப்பார்கள். ஆனால் லொப்பெட்டிக்கு அது முழுக்க வேடிக்கை இல்லை. கடைசியாக அவர் மாத்தே என்று சொன்னது பதினோரு வருடத்துக்கு முன், மனைவி ஃபூசி இறந்ததைச் சொல்ல அவள் அண்ணனுக்குப் போன் செய்தபோது. சாவைச் சொல்ல நாசூக்கான சொற்கள் அவர் மொழியில் எத்தனையோ உண்டு. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து வீட்டில் ரேடியோதான் பேசுகிறது. மனிதக் குரல் வேண்டுமென்றால் வேலியோரம் போய் நிற்பார், பக்கத்து வீட்டு டெஸ் வருவான்.

பிப்ரவரியில் டெஸ்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்செல்லாம் போய் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: மேட். தண்ணீருக்கும் அது, வலிக்கும் அது. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன். ஆஸ்பத்திரிக்குத் தினமும் போவது லொப்பெட்டி மட்டும்தான்.

நர்ஸ் ரிப்பெக்கா நியூசிலாந்து மாவோரிப் பெண். லொப்பெட்டி சொன்ன மாத்தே கதையைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "எங்க பாஷையிலயும் மாத்தேன்னா சாவுதான், மாமா. ஆனா 'மாத்தே வாய்'ன்னா தாகம், 'மாத்தே காய்'ன்னா பசி. இல்லாம உசிரே போகுதுன்னு வெச்சுக்குங்களேன். இவரும் எதையோ கேட்டுத் தவிக்கறார். நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

போன ஞாயிறு, டோங்கா வழக்கப்படி சர்ச்சுக்குக் கட்டிய இடுப்புப் பாயோடு உட்கார்ந்து கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணியா?"

"மேட்." தலை ஆடியது, இல்லை என்று.

"தலகாணியா? ஜன்னலைத் திறக்கவா? நர்ஸைக் கூப்பிடவா?"

"மேட். மேட்." டெஸ்ஸின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சரி, நாளைக்கு வரேன்டா" என்று எழுந்தார். டெஸ்ஸின் நல்ல கை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது. "மேட்?" இந்தத் தடவை அது கேள்வி.

லொப்பெட்டிக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் பயமாக இருந்தது. உட்கார்ந்தார். வாசலை ஒருமுறை பார்த்தார். குனிந்து டெஸ்ஸின் காதோரம், "மேட்" என்றார்.

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. டெஸ் நிம்மதியாகக் கண்ணை மூடினான்.

லொப்பெட்டி பதறிப்போய் அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார். ஏறியது, இறங்கியது. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று ரிப்பெக்கா இரண்டு தடவை சொல்லியும் அவர் கையை எடுக்கவில்லை.