அரை மூடி மருந்து

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஊரே இந்த டிரைவிங் மாஸ்டரை 'பிரேக் மாஸ்டர்' என்று கூப்பிட்டதற்குக் காரணம், அதன்மேல் வைத்த காலை அவர் எடுத்ததே இல்லை. காலி மைதானத்தில்கூட மிதிப்பார். இருபத்தாறு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது என்று மார்தட்டிக்கொள்வார். வண்டி நகர்ந்தால்தானே கீறல் விழும் என்று அவருடைய அக்கா கிண்டல் செய்வாள்.

அந்த அக்காவுக்குத்தான் புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது. இனிக் குணமாக்க வழியில்லை, வலி தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மாஸ்டர் தன் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டார். வீடு வீடாக வந்து இப்படிப்பட்டவர்களைப் பார்க்கும் நர்ஸ், மார்ஃபின் பாட்டிலையும் அளவு மூடியையும் கொடுத்து, "நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை ஒரு மூடி. வலிச்சாலும் சரி, வலிக்காட்டியும் சரி" என்று இரண்டு தடவை சொன்னாள்.

மாஸ்டர் தலையை ஆட்டினார். ஆனால் மார்ஃபின் என்ற பேரைக் கேட்டாலே அவருக்குப் பயம். பழகிவிட்டால் என்ன செய்வது? இப்போதே முழுசாகக் கொடுத்துவிட்டால், நாளைக்கு வலி முற்றும்போது எதைக் கொடுப்பது? அதனால் அக்கா முனகினால் மட்டும் அரை மூடி ஊற்றினார். அவளோ எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் கிடக்கும் ரகம். தலையணை உறையின் மூலை கிழிந்திருந்ததைப் பார்த்து, துணி நைந்துவிட்டது என்று மாஸ்டர் வேறு உறை மாற்றினார். அவ்வளவு புத்திசாலி!

இரண்டு வாரம் கழித்து வந்த நர்ஸ் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். காலியாகியிருக்க வேண்டிய மருந்து பாதிக்கு மேல் இருந்தது. அவரைச் சமையலறைப் பக்கம் அழைத்தாள்.

"பழகிடும்னு பயந்தீங்களா சார்?"

"ஆமா சிஸ்டர். அப்புறம் தேவைப்படுமேன்னு கொஞ்சம் மிச்சமும் வச்சேன்."

"வலி கூடினா டாக்டர் அளவைக் கூட்டுவாரு சார். அவர் சொல்ற அளவுல கொடுத்தா பயப்பட வேண்டாம். வலி வந்தப்புறம் அதை அடக்குறதுதான் கஷ்டம். மணி பார்த்துக் கொடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவள் போனதும் அழுக்குக்கூடையில் கிடந்த பழைய உறையை எடுத்து விரித்தார். மூலையில் பல் தடம் இருந்தது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அன்றிலிருந்து அலாரம் வைத்து முழு மூடி கொடுத்தார். மறுநாள் மதியம் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சீப்பு கேட்டாள். தலையில் சிக்கு எடுத்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"தம்பி, இன்னிக்கு வலியே தெரியலடா. எனக்கு நேரம் வந்துடுச்சா? மறைக்காம சொல்லு."

இது புது மருந்து என்று ஒரு பொய் அவர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அக்கா பயந்துபோய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் இல்லக்கா. மருந்து அதேதான். நான்தான் ரெண்டு வாரமா பாதிப் பாதியா கொடுத்தேன். அதுவும் நீ முனகினா மட்டும்."

அக்கா சீப்பை மடியில் வைத்தாள். கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தித் தீர்த்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவள் கத்தவில்லை.

"அடப்பாவி," என்றாள். "ரெண்டு வாரமா நான் சாமியைத் திட்டிக்கிட்டு இருந்தேன்டா."