லைசென்ஸ் இல்லாத மெனு

இரண்டாயிரத்துக்குப் பிறகான சில வருடங்கள், திருத்தணியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளூர்க் கல்யாண மண்டபத்து உரிமையாளர் தன் மண்டபத்துக்கு ஒன்று கேட்டார். மவுஸை வைத்ததும் பட்டியல் சறுக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கு அதை எழுதத் தெரியாது. அப்படி இறங்கும் பட்டியலுக்கு மெனு என்று பேர்; ஒரு வெளிநாட்டுக் கம்பெனி செய்துவைத்திருந்த மெனுவை இறக்கி ஒட்டினேன். நிபந்தனைகள் பக்கம் பக்கமாக நீண்டன. படிக்காமலே 'சம்மதம்' அழுத்தினேன். ஒரு மாதம்தான் இலவசம், அதன்பின் வாங்க வேண்டும் என்று அதில் இருந்திருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் உரிமையாளர் வந்தார். கூடவே மண்டபத்துச் சமையல்காரர், முகம் சிவந்து.

"இன்னாப்பா, நம்ம மெனுவுக்கு லைசென்ஸ் இல்லன்னு நீயே போட்டுகீற? பள்ளிப்பட்டு பொண்ணு வூட்டுக்காரரு போன் பண்ணி, கல்யாணத்த வேற எடத்துல வெச்சிக்கிறேன்றாரு!" என்றார் உரிமையாளர்.

திறந்து பார்த்தேன். பக்கத்தின் உச்சியில், சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில், அதே வாசகம். கெடு முடிந்ததும் அந்த மெனு தானாகவே காட்டிக்கொடுத்திருந்தது.

"எங்க தாத்தா மலைமேல மடப்பள்ளில சமைச்சவரு," என்றார் சமையல்காரர். "சாமியே கேக்காத லைசென்ஸ நீ கேக்குறியா?"

"சாப்பாட்டு மெனு இல்லீங்க. மவுஸ வெச்சா எறங்குதே, அந்தப் பட்டியலுக்கும் மெனுன்னுதான் பேரு."

"அது யாருது?"

"வெளிநாட்டுக் கம்பெனிதுங்க."

"கேட்டு எடுத்தியா?"

விசைப்பலகையில் இருந்த தூசியைத் தட்டினேன்.

"அப்ப எடுத்தது நீ, கெட்ட பேரு என் சாம்பாருக்கா?"

அந்தச் சிவப்பு வரியை மட்டும் மறைக்க எனக்குத் தெரியும். சொல்லியும் பார்த்தேன். "மறைச்சா லைசென்ஸ் வந்துடுமா?" என்றார் சமையல்காரர். மெனுவை முழுக்கப் பிடுங்கிவிட்டு அறைகள், சாப்பாடு, முன்பதிவு என்று சாதாரண வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினேன். எதுவும் சறுக்கவில்லை. உரிமையாளருக்குச் சற்று வருத்தம்தான்.

பள்ளிப்பட்டுக்காரர் போனில் நம்பவில்லை. நேரில் வந்தார். சமையல்காரர் அவரை உட்காரவைத்து இலை போட்டார். இரண்டாம் முறை ரசம் கேட்டபோதே கல்யாணம் உறுதியாகிவிட்டது.

அந்த வாரமே கம்பெனிக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினேன். என் நேர்மைக்கு நன்றி சொல்லிப் பதில் வந்தது. கூடவே, வாங்குவதற்கான படிவம்.