வெள்ளிக்கிழமைச் சூப்பில் இடியப்பம்

பாதர்ஸ்ட் வீதி அடுக்குமாடியில் கோணேஸ்வரியின் வாயென்றால் எல்லாருக்கும் பயம். 1986ஆம் ஆண்டில், கீழ்வீட்டு யூதக் கிழவி பெர்லுக்குக் கோதுமை ஆகாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். யூதருக்கு வெள்ளி இரவு ஓய்வுநாள் விருந்து; நூடில்ஸ் இல்லாமல் வெள்ளிக்கிழமைக் கோழிச்சூப்பா என்று பெர்ல் கலங்கினாள்.

"உதுக்கே கவலைப்படுறியள், அன்ரி?"

கோணேஸ்வரி கையில் பிடித்துப் பிழியும் இடியப்ப உரலோடு இறங்கிப்போய், அரிசிமாவில் இடியப்பம் பிழிந்து அவித்துச் சூப்பில் போட்டாள். பெர்ல் மகிழ்ந்துபோய் அவளுக்கும் ஒரு கோப்பை நீட்டினாள்.

"இண்டைக்கு வெள்ளி. நான் மச்சம் மாமிசம் தொடமாட்டன்."

"வெள்ளிக்கிழமை கோழியை வேண்டாம் என்கிற கடவுளும் உண்டா?"

கோணேஸ்வரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உரலைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று மேலே போய்விட்டாள்.

அடுத்த வெள்ளி பெர்ல் வந்து கதவைத் தட்டினாள். கையில் சின்னச் சட்டி. கரட்டும் வெங்காயமும் மட்டும் வெந்த சூப்.

"கோழி இல்லை. உனக்கென்று தனியாக வைத்தேன்."

கோணேஸ்வரி குடித்துப் பார்த்தாள். துளி உப்பில்லை.

"நல்லாயிருக்கு, அன்ரி," என்று சொல்லிவிட்டு உரலை எடுத்தாள்.