தனபாலின் மூச்சைப் பற்றி நான் சொன்னது

தனபால் போய்விட்டான். இன்று விடியற்காலை, அடையாறு முகத்துவாரத்துக் குப்பத்தில், அவன் வீட்டிலேயே.

அவன் மகள் தேவிதான் போன் செய்தாள். ஃபேஸ்புக்கில் "கண்ணீர் அஞ்சலி" என்று போட்டு, கைகூப்பும் படம் ஒன்றை வைத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். முடியவில்லை...

எழுபதுகளின் தொடக்கம். தி.நகரில் ஒரு கம்பெனியில் நான் கிளார்க், அவன் தற்காலிக அட்டெண்டர். நன்றாக ஓடுகிறான் என்பதற்காகவே அவனை எடுத்திருந்தார்கள். கம்பெனி டீமில் இடம் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் திரும்பக் கட்டுமரம்தான்.

நானும் கொஞ்சம் ஓடுவேன். அதோடு மயிலாப்பூரில் காலை வகுப்பு ஒன்றில் யோகா வேறு. நாலு மாசப் பழக்கம், நாற்பது வருஷத் திமிர்.

வடக்கேயிருந்து பெரிய ஓட்டக்காரர்கள் மெட்ராஸுக்கு வந்தால் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுப் பார்க்கப் போவோம். அவன் அவர்கள் காலைப் பார்ப்பான். நான் இரவல் பைனாகுலரில் மூச்சைப் பார்ப்பேன்.

பெரிய ஓட்டக்காரன் கடைசி நூறு மீட்டரில் தாடையைத் தளர விடுகிறான். துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால் மூச்சை முழுக்க வெளியே விடுகிறான். கோட்டைத் தாண்டியதும் நெஞ்சு துருத்தி மாதிரி அடித்து, சீக்கிரமே அடங்கிவிடுகிறது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, எந்த ஆசனத்துக்கு எது பாடம் என்று பக்கத்திலேயே குறித்துவைப்பேன்.

மேனேஜர் கத்தும்போது தாடையைத் தளர விட்டுப் பார்த்தேன். நிஜமாகவே கோபம் வரவில்லை. உலகத்தில் எல்லாமே இந்த நோட்டுக்குள் அடக்கம் என்று நினைத்த வயசு.

"இன்னா சார், ஓட்டத்தப் பாக்க வந்தியா, அவன் பல்லை எண்ண வந்தியா?" என்று தனபால் சத்தமாகக் கேட்பான். கேலரியே சிரிக்கும்.

அப்புறம் அந்த டிரையல்ஸ்.

மயிலாப்பூரில் ஒரு ஸ்கூல் கிரவுண்டு, காலை ஏழு மணி, எண்ணூறு மீட்டர். டீமில் இரண்டே இடம். தனபால் முதல், ஸ்டோர்ஸ் செக்‌ஷன் ராஜு இரண்டாவது... நான் மூன்றாவது.

முட்டியைப் பிடித்துக்கொண்டு இரைத்தபடி தனபாலைப் பார்த்தேன். கண்ணை மூடி நேராக நிற்கிறான். வாய் இறுக மூடியிருக்கிறது, நெஞ்சு அசையவே இல்லை. உதடு கறுத்திருந்தது.

நான் பார்த்த எந்தச் சாம்பியனும் அப்படி நின்றதில்லை. இவனுக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேராக ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரியிடம் போய், "சார், தனபாலுக்கு ஹார்ட்ல ஏதோ பிராப்ளம்னு நினைக்கிறேன். ஓட விடாதீங்க" என்றேன்.

அவர் பயந்துபோய் அவனை டாக்டரிடம் அனுப்பினார். அந்த டெஸ்ட், இந்த டெஸ்ட் என்று இழுத்தது. ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தபோது போட்டியே முடிந்திருந்தது. அவன் இடத்தில் நான் ஓடிக் கடைசியாக வந்திருந்தேன்.

அடுத்த மாதம் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். பாறையில் சிக்கிய வலையை எடுக்கத் தண்ணீருக்குள் போயிருந்தான். கரையில் நின்ற எனக்குப் பதற்றமாகிவிட்டது, அவ்வளவு நேரம்.

மேலே வந்தான். இடுப்பளவு தண்ணீரில் கண்ணை மூடி நேராக நின்றான். வாய் மூடியிருந்தது, நெஞ்சு அசையவில்லை. கிரவுண்டில் பார்த்த அதே நிற்பு. பிறகு மூக்கு வழியாக மெல்ல, மெல்ல விட்டான்.

"ஏன்பா இப்படி நிக்கிற?"

"வெளிய வந்தவொடனே வாயத் தொறந்தா அலை உள்ள பூந்துடும் சார். சின்ன வயசுலர்ந்து அப்டியே பழகிக்கீது. ஓடுனாலும் அதான் வருது."

யோகா வகுப்பில் நாங்கள் தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்த மூச்சடக்கலை இவன் கடலில் கற்று முடித்திருந்தான். அதைத்தான் நான் நோய் என்று போய்ச் சொல்லியிருக்கிறேன்.

வலையை உதறிக்கொண்டே கேட்டான்: "எவன் சார் என்னிய பத்தி போட்டுக் குடுத்துருப்பான்?"

"தெரியலையேப்பா."

"ராஜுவாத்தான் இருக்கும். என்னிய ஜெயிக்க முடியலன்னு அவனுக்கு வயித்தெரிச்சல்."

வலையின் மறுமுனையைப் பிடித்து நானும் உதறினேன்.

அதற்குப் பிறகு ராஜுவோடு அவன் பேசவே இல்லை. ராஜு இறந்தபோது நான் போய்க் கூப்பிட்டும் சாவுக்கு வரவில்லை. என்னைத்தான் "நீ ஒருத்தன் தான் சார் என்னியத் தேடி வந்த" என்று கடைசிவரை கொண்டாடினான். வஞ்சிர மீனை வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போவான். வாங்கிக்கொள்வேன். சாப்பிட்டேன் கூட.

அவன் உயிருக்குப் பயந்துதான் சொன்னேன் என்று ஐம்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயந்ததும் நிஜம். மூன்றாவதாக வந்தவன் நான் என்பதும் நிஜம்.

இன்று காலை தேவி அழுதுகொண்டே சொன்னாள்: "நேத்து கூட அந்த ராஜுவத் திட்டிக்கினே இருந்தாரு அங்கிள். அந்தாளு மட்டும் போட்டுக் குடுக்காம இருந்தா எங்க பொழப்பே வேற மாறி இருந்திருக்கும்ல?"

"ஆமாம்மா" என்றேன். எழுபத்தெட்டு வயசில், இன்றைக்கும்.

தேவி, நீ என் ஃப்ரெண்ட் லிஸ்டில் இருக்கிறாய். ராஜுவின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ராஜு இல்லையம்மா. நான்தான்.

நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறீர்கள் என்றாய். வருவேன். தெருமுனையில் நிற்கிறேன்... நீ கூப்பிட்டால் மட்டும் உள்ளே வருகிறேன்.

போய் வா, தனபால்.