குழையாத புது அரிசி

சுரங்க டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் வெளி மாநிலத்துக்காரர்கள். ஓணம், பிஹு, லோஹ்ரி என்று ஆளுக்கோர் அறுவடைப் பண்டிகை. அந்த வருடம் போகியன்று பிளாக் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ‘உலக அறுவடைத் திருவிழாக்கள்’ என்று ஒரு நிகழ்ச்சி வைத்தோம். எனக்கு மைக் என்றால் உயிர். பேசும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நாற்று பிடித்து அறியாத கை என்னுடையது. அதனால் என்ன, போன் இருக்கிறதே.

பேச்சு முடிந்ததும் புது அரிசியில் பொங்கல் வைப்பதாக ஏற்பாடு. அரிசிக்கும் நான்தான் பொறுப்பு. எங்கள் குவார்ட்டர்ஸில் வேலை செய்த பெண் பக்கத்துக் கிராமத்துக்காரி. தை பிறக்குமுன் தன் கழனியில் விளைந்த பச்சரிசி கொஞ்சம் வருடாவருடம் கொண்டுவந்து தருவாள். அந்தக் கழனி ஆடி மாதமே சுரங்கத்துக்குப் போய்விட்டது. அது எனக்குத் தெரியும்.

தெரிந்தும், “எங்கயாவது பாத்துக் கொண்டா. உன் கழனி அரிசின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்” என்றேன்.

“சரிங்கம்மா” என்றாள்.

கொரியாவில் புது அரிசியை முதலில் முன்னோர்களுக்குப் படைப்பார்கள் என்று பேசினேன். கானாவில் ஓர் இன மக்கள், பழைய பஞ்சத்தை நினைத்து, விளைச்சல் வந்ததும் பசியைக் கேலி செய்து சிரிப்பார்கள் என்றேன். நல்ல கைதட்டல்.

பானை பொங்கியது. கரண்டியில் நாலு பருக்கை எடுத்து நசுக்கினேன். புது அரிசி என்றால் இதற்குள் குழைந்திருக்கும். இது விறைத்துக்கொண்டு நின்றது, லேசாக மக்கல் வாடையும் அடித்தது. முன்வரிசைப் பெண் எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மைக் இன்னும் கையில் இருந்தது.

“இது ரேஷன் அரிசிதானே?”

பாத்திரம் தேய்க்க ஓரமாக நின்றிருந்தவள் தலையாட்டினாள். “ஆமாங்க. பொங்கலுக்குக் கார்டுக்கு ஒரு கிலோ குடுத்தாங்க.”

“உன் கழனி அரிசின்னு சொல்லித்தானே குடுத்த?”

அவள் அப்படிச் சொல்லவே இல்லை. சொன்னது நான். அவள் என்னைப் பார்த்தாள்.

“கழனியே இல்லாதவளுக்குப் புது அரிசி ஏதுன்னு நான்தான் யோசிச்சிருக்கணும்” என்றேன், எல்லோரும் சிரிக்கட்டும் என்று. சிரித்தார்கள். வெறும் வாயை மெல்லும் கூட்டத்துக்கு அவல் கிடைத்துவிட்டது.

முன்வரிசைப் பெண் கேட்டாள்: “இருந்த ஒரு கிலோவையும் இங்க குடுத்துட்டா நாளைக்கு உங்க வீட்ல எதுல பொங்கல் வைப்பீங்க?”

“எங்க வூட்ல பொங்கல் இல்லிங்க. சாவு வுழுந்தா ஒரு வருஷம் வெக்க மாட்டோம்.”

“யாரு செத்தது?” என்றேன். அதையும் மைக்கில்தான் கேட்டேன்.

“கழனிதாம்மா” என்றாள். “அரிசிய வெச்சிகினு இன்னா பண்றது. நீங்க கேட்டீங்களேன்னு எடுத்தாந்தேன்.”

சிரிப்பு நின்றது. எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை, நிகழ்ச்சியைக் கெடுத்துவிட்டாளே என்ற கோபம்தான் வந்தது. வெட்கப்படுவதற்கு எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அன்று மைக்கை அணைத்துவிட்டு, “சரி, இலையப் போடு” என்று அவளிடமே சொன்னேன்.

போட்டாள். எனக்கும் பரிமாறினாள். நெய் தாராளமாக விட்டிருந்ததால் மக்கல் வாடை தெரியவில்லை. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.